அந்தமானில் எரிவாயு கிடைத்தால் உங்கள் பங்கு ஏறுமா? கேஜி படுகை சொல்லும் கணக்கு

ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில், மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது ராமச்சந்திராபுரம். பிஎச்இஎல் ஆலை 1960-களில் இங்கே வந்தது. அதோடு ஒரு டவுன்ஷிப்பும், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் வந்தன. என் பெரியப்பா அப்படி வந்து, ஓய்வுபெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர்.

2025 தீபாவளிக்கு முந்தைய வாரம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். சாயங்கால நடை முடிந்து, பழைய சகாக்கள் நாலு பேரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச்சு முழுக்க அந்தமான் பற்றித்தான்.

"ஏம்மா, நீதான் எப்பவும் நம்பரோடவே இருப்பியே. அந்தமான்ல கேஸ் கிடைச்சிருக்காம். என் டெபாசிட் ஒண்ணு அடுத்த மாசம் முடியுது, நாலு லட்சம். இவங்க எல்லாம் ஆயில் கம்பெனி ஷேர் வாங்குன்னு சொல்றாங்க. போடலாமா?"

பக்கத்தில் இருந்தவர் உடனே சேர்ந்துகொண்டார்: "கிணறு தோண்டுற ரிக்கையே நாங்கதானே செஞ்சோம். எங்களுக்குத் தெரியாததா?"

அவர் சொன்னது உண்மைதான். ஓஎன்ஜிசி நிலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டப் பயன்படுத்தும் ரிக்குகளைச் செய்து கொடுத்த ஆலை இது. ஆனால் ரிக் எப்படி ஓடும் என்று தெரிவது ஒரு விஷயம். அது தோண்டிய கிணற்றிலிருந்து பங்குதாரரின் பாக்கெட்டுக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது வேறு விஷயம். அந்த இரண்டாவது கணக்கைத்தான் உங்களுக்காக இங்கே போட்டுப் பார்க்கிறோம்.

அந்தமானில் என்னதான் கிடைத்தது?

2025 செப்டம்பர் கடைசியில் வந்த அறிவிப்பு இது. பொதுத்துறை நிறுவனமான ஆயில் இந்தியா, அந்தமானின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 17 கி.மீ. தொலைவில் 'ஸ்ரீ விஜயபுரம்-2' என்ற ஆய்வுக் கிணற்றைத் தோண்டியது. அங்கே கடலின் ஆழம் 295 மீட்டர். 2,212 முதல் 2,250 மீட்டர் ஆழத்தில் சோதித்தபோது இயற்கை எரிவாயு வந்தது. மாதிரியைப் பரிசோதித்ததில் 87 சதவீதம் மீத்தேன்.

அதே அறிவிப்பில் இன்னொரு வரியும் இருந்தது. எரிவாயு எவ்வளவு இருக்கிறது, வணிக ரீதியில் எடுக்க முடியுமா என்பது வரும் மாதங்களில்தான் உறுதி செய்யப்படும் என்ற வரி. டீக்கடைப் பேச்சில் அந்த வரி வரவில்லை.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி, அந்தமான் கடலில் கயானா அளவுக்கு எண்ணெய் கிடைக்க வாய்ப்பிருப்பதாகப் பேசியிருந்தார். கயானா என்பது தென் அமெரிக்காவின் சின்ன நாடு. 2015-இல் அதன் கடலில் கிடைத்த எண்ணெய் அந்த நாட்டின் தலையெழுத்தையே மாற்றியது. இந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் படித்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் இதுபோன்ற செய்தி நமக்குப் புதிதல்ல. ராமச்சந்திராபுரத்திலிருந்து ஒரு ராத்திரி ரயிலில் போய்ச் சேரும் தூரத்தில், காக்கிநாடா கடலில், கடந்த இருபது ஆண்டுகளில் இதே கதை பலமுறை நடந்திருக்கிறது. அதைப் பார்க்கும் முன் ஒரு அடிப்படை விஷயம்.

'கிடைத்தது' என்றால் எவ்வளவு கிடைத்தது?

பூமிக்கடியில் எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிற்பதில்லை. பாறையின் நுண்துளைகளில், ஈரமான பஞ்சில் தண்ணீர் இருப்பது போல இருக்கிறது. பஞ்சை எவ்வளவு பிழிந்தாலும் கொஞ்சம் ஈரம் மிஞ்சும். பாறையும் அப்படித்தான்.

எனவே ஒரே வயலுக்கு மூன்று வகை எண்கள் உண்டு.

முதல் எண், பாறைக்குள் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்ற மதிப்பீடு. மேடையில் சொல்லப்படும் எண் பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் மூன்றில் பெரியது இதுதான்.

இரண்டாவது எண், அதில் எவ்வளவை மேலே கொண்டுவர முடியும் என்பது. எண்ணெய் வயலில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே பரவாயில்லை என்பார்கள். எரிவாயு வயல் நன்றாக அமைந்தால் பாதிக்கு மேல் வரும். பாறை இறுக்கமாக இருந்தால் அதுவும் வராது.

மூன்றாவது எண், இன்றைய விலையில், இன்றைய தொழில்நுட்பத்தில், லாபத்தோடு எடுக்கக்கூடியது. இதற்குத்தான் 'ரிசர்வ்' என்று பெயர். இதிலும் மூன்று படிகள் உண்டு. 1பி என்றால் குறைந்தது இவ்வளவு கிடைக்க 90 சதவீத வாய்ப்பு. 2பி என்றால் 50 சதவீதம். 3பி என்றால் வெறும் 10 சதவீதம்.

ஒரே வயலைப் பற்றி ஒருவர் 3பி எண்ணையும் இன்னொருவர் 1பி எண்ணையும் சொல்லலாம். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் நீங்கள் எதை நம்பிப் பணம் போடுகிறீர்கள் என்பது முக்கியம்.

அந்தமான் கிணறு இந்த மூன்று எண்ணில் எதையும் இன்னும் தரவில்லை. எரிவாயு இருக்கிறது என்பதை மட்டும்தான் சொன்னது.

கேஜி டி6: ஒரே எரிவாயு, இரண்டு தலையெழுத்து

கிருஷ்ணா, கோதாவரி ஆறுகள் கடலில் சேரும் இடத்தில் உள்ள படுகையைத்தான் கேஜி படுகை என்கிறோம். அங்கே ஆழ்கடலில் இருக்கும் டி6 தொகுதி 2000-இல் ரிலையன்ஸுக்கும் கனடாவைச் சேர்ந்த நிக்கோ ரிசோர்சஸ் நிறுவனத்துக்கும் கிடைத்தது. ரிலையன்ஸுக்கு 90 சதவீதம், நிக்கோவுக்கு 10 சதவீதம். 2002 அக்டோபரில் பெரிய எரிவாயு கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது.

2006-இல் திருத்தப்பட்ட திட்டத்தில் எடுக்கக்கூடிய அளவு சுமார் 10 டிரில்லியன் கன அடி என்றார்கள். செலவு 880 கோடி டாலர். உச்சத்தில் நாளொன்றுக்கு 8 கோடி கன மீட்டர் எரிவாயு வரும் என்பது இலக்கு. இந்தியாவின் எரிவாயுப் பஞ்சமே தீர்ந்துவிடும் என்று அப்போது எழுதாத பத்திரிகை இல்லை. அதை நம்பி ஆந்திராவில் மின் நிலையங்கள்கூட எழும்பின.

2009 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் 6 கோடி கன மீட்டரைத் தாண்டியது. பிறகு இறங்கத் தொடங்கியது. 2013-14-இல் சுமார் 1.4 கோடி. எடுக்கக்கூடிய அளவும் 10-இலிருந்து 3 டிரில்லியன் கன அடி என்ற அளவுக்குச் சுருங்கியது. 2020 பிப்ரவரியில் அந்த முதல் வயல்களில் உற்பத்தி மொத்தமாக நின்றது.

ஏன் இறங்கியது? திட்டமிட்ட எண்ணிக்கையில் கிணறுகள் தோண்டவில்லை என்றது அரசு. அதைக் காரணம் காட்டி நிறுவனத்தின் செலவில் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்க்கவும் மறுத்தது. பாறையமைப்பு எதிர்பார்த்தபடி இல்லை, அழுத்தம் குறைந்து தண்ணீரும் மணலும் கிணற்றுக்குள் வந்துவிட்டன என்றது நிறுவனம். வழக்கு நடுவர் மன்றம் வரை போனது.

இப்போ பங்குதாரரின் கதைக்கு வருவோம். இங்கேதான் விஷயமே இருக்கு.

ரிலையன்ஸுக்கு ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலை இருந்தது, பெட்ரோகெமிக்கல் இருந்தது, பிறகு ஜியோ வந்தது. 2011-இல் பிபி நிறுவனம் டி6 உள்ளிட்ட 21 தொகுதிகளில் 30 சதவீதப் பங்கை 720 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. வயல் ஏமாற்றினாலும் கம்பெனி நின்றது.

நிக்கோவுக்கு அந்த வசதி இல்லை. டி6-தான் அதன் மதிப்பின் பெரும்பகுதி. 2010 வாக்கில் 100 கனடிய டாலருக்கு மேல் விற்ற அதன் பங்கு, கையிருப்பு மதிப்பீடு வெட்டப்பட்டதும் சரிந்தது. 2015-இல் ஒரு டாலருக்கும் கீழே.

இதோடு முடியவில்லை. ரிலையன்ஸும் பிபியும் அதே தொகுதியில் மேலும் சுமார் 500 கோடி டாலர் போட்டு மூன்று புதிய வயல்களை உருவாக்கின. 2020 டிசம்பரில் முதலாவது, 2021 ஏப்ரலில் இரண்டாவது, 2023 ஜூனில் மூன்றாவது. இன்று இந்தியாவின் எரிவாயு உற்பத்தியில் சுமார் 30 சதவீதம் இந்தத் தொகுதியிலிருந்துதான். அதாவது டி6-இல் எரிவாயு இருக்கிறது என்று நம்பியவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

ஆனால் நிக்கோவால் புதிய வயல்களுக்கான தன் பங்குச் செலவைக் கட்ட முடியவில்லை. தொகுதியை விட்டே வெளியேறியது. எரிவாயு வந்தபோது நிக்கோ பங்குதாரர் அந்த இடத்தில் இல்லை.

ஒரு வயலைப் பற்றி உங்கள் கணிப்பு சரியாக இருக்கலாம். அதே வயலை நம்பி வாங்கிய பங்கில் நீங்கள் முழுப் பணத்தையும் இழக்கலாம். சிறு முதலீட்டாளர் இந்தத் துறையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

20 டிரில்லியன் என்ன ஆனது?

டி6-க்குப் பக்கத்திலேயே இன்னொரு தொகுதி. குஜராத் அரசின் ஜிஎஸ்பிசி நிறுவனம் அங்கே 20 டிரில்லியன் கன அடி எரிவாயு கண்டுபிடித்திருப்பதாக 2005 ஜூனில், அப்போது குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோதி அறிவித்தார். நடைமுறைக்கு வந்த வளர்ச்சித் திட்டத்தில் இருந்ததோ அதில் ஒரு சிறு பகுதிதான். அதிக வெப்பம், அதிக அழுத்தம், இறுக்கமான பாறை. செலவு ஏறியது, கடன் ஏறியது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும் கடுமையாக விமர்சித்தது.

ஜிஎஸ்பிசி பங்குச்சந்தையில் இல்லை. அதனால் சிறு முதலீட்டாளருக்கு நஷ்டமில்லை என்று தோன்றும். ஆனால் 2017-இல் அந்தத் தொகுதியின் 80 சதவீதப் பங்கைச் சுமார் 7,738 கோடி ரூபாய்க்கு வாங்கியது யார் தெரியுமா? ஓஎன்ஜிசி. லட்சக்கணக்கான சிறு முதலீட்டாளர்கள் வைத்திருக்கும் அதே ஓஎன்ஜிசி. அடுத்த சில மாதங்களில், 2018 ஜனவரியில், எச்பிசிஎல் நிறுவனத்தில் மத்திய அரசுக்கு இருந்த 51.11 சதவீதப் பங்கையும் 36,915 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது.

பொதுத்துறைப் பங்கு வாங்கும்போது இதையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். பெரிய பங்குதாரர் அரசு. அரசின் தேவையும் உங்கள் தேவையும் எப்போதும் ஒன்றாக இருக்காது.

நம்ம ஊர் உதாரணம்: காவிரிப் படுகை

தமிழ்நாட்டுக் கடலிலும் இந்தக் கதை உண்டு. 1983-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஆயில் எக்ஸ்புளோரேஷன் கம்பெனி, சுருக்கமாக எச்ஓஇசி. இந்தத் துறையில் இந்தியாவின் முதல் தனியார் நிறுவனம் அதுதான். தலைமை அலுவலகம் சென்னையில்.

காவிரிப் படுகையின் கடல் பகுதியில் உள்ள பிஒய்-1 வயலை அது மேம்படுத்தியது. தரங்கம்பாடிக்கு அருகே பிள்ளைபெருமாநல்லூரில் எரிவாயு கரையேறும் நிலையம். 2009 நவம்பரில் உற்பத்தி தொடங்கியபோது எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. ஆனால் கிணறுகள் நினைத்த அளவு தரவில்லை. கையிருப்பு மதிப்பீடு குறைக்கப்பட்டது. அப்போது 47 சதவீதப் பங்கோடு முதன்மைப் பங்குதாரராக இருந்தது இத்தாலியின் பெரிய எண்ணெய் நிறுவனம் எனி. அவ்வளவு பெரிய கை பின்னால் இருந்தும் பாறையை மாற்ற முடியவில்லை.

அந்த நிறுவனம் மீண்டும் மூச்சுவிட்டது 2017-இல், அசாமின் திரோக் வயலில் உற்பத்தி தொடங்கிய பிறகு. சின்ன நிறுவனம் எழவே எழாது என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரு வயலில் கைவிட்டால் அடுத்த வயல் வரும் வரை பங்குதாரர் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

சரி, உண்மையிலேயே பெரிய எண்ணெய் கிடைத்தால்?

நியாயமான கேள்வி. ராஜஸ்தானின் பார்மேர் பாலைவனத்தைப் பார்ப்போம்.

ஷெல் நிறுவனம் தன் பங்கை 72.5 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டுப் போன தொகுதியில், 2004 ஜனவரியில் கெய்ர்ன் நிறுவனம் 'மங்களா' எண்ணெய் வயலைக் கண்டுபிடித்தது. நிலப்பரப்பில் இந்தியா கண்ட மிகப்பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று. 2006 டிசம்பரில் கெய்ர்ன் இந்தியா பங்கு வெளியீடு, விலை 160 ரூபாய். 2007 ஜனவரியில் பட்டியலிடப்பட்ட முதல் நாளே விலை அதற்குக் கீழே போனது. எண்ணெய் வந்தது 2009 ஆகஸ்டில்.

பிறகு நல்ல காலம். விலை 300 ரூபாயைத் தாண்டியது, டிவிடெண்டும் வந்தது. ஆனால் 2014 நடுவில் 110 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே விழுந்தது. அப்போது கெய்ர்ன் பங்கு 160-க்கும் கீழே. 2017-இல் நிறுவனம் வேதாந்தாவுடன் இணைக்கப்பட்டது.

எண்ணெய் பொய்யில்லை. உற்பத்தி பொய்யில்லை. வெளியீட்டில் வாங்கி ஒன்பது வருடம் பொறுமையாக வைத்திருந்தவருக்கு, டிவிடெண்டைத் தவிர, போட்ட முதலே முழுசாக இல்லாத ஒரு நாளும் வந்தது.

காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு

கண்டுபிடிப்புக்கும் உற்பத்திக்கும் இடையே எவ்வளவு காலம் ஆகிறது என்று பாருங்கள். கயானாவில் 2015 மே முதல் 2019 டிசம்பர் வரை, நாலரை வருடம். உலகத்திலேயே வேகமானவற்றில் ஒன்று அது. மங்களாவில் ஐந்தரை வருடத்துக்கு மேல். டி6-இல் ஆறரை வருடம். ஓஎன்ஜிசியின் கேஜி 98/2 தொகுதி இன்னும் மெதுவானது. 2005-இல் கைக்கு வந்த அந்தத் தொகுதியில் பெரிய முதலீட்டுக்கு 2016-இல்தான் ஒப்புதல், முதல் எண்ணெய் 2024 ஜனவரியில்.

இப்போ பெரியப்பாவின் நாலு லட்சத்தை எடுத்துக்கொள்வோம். 7 சதவீத வட்டியில் ஏழு வருடம் வங்கியில் கிடந்தால், வரிக்கு முன் சுமார் 6.42 லட்சம் ஆகும். அப்படியென்றால் பங்கு ஏழு வருடத்தில் 60 சதவீதம் ஏறினால்தான் டெபாசிட்டுக்குச் சமம். அதற்கு மேல் வருவதுதான் அவர் எடுத்த ரிஸ்க்குக்குக் கூலி.

காத்திருக்கும் காலத்தில் இன்னொன்றும் நடக்கும். சின்ன நிறுவனத்தின் கையில் வயலை மேம்படுத்தப் பணம் இருக்காது. புதுப் பங்குகளை வெளியிடும். 1 கோடி பங்கு 2 கோடி ஆனால், உங்கள் பங்கின் எண்ணிக்கை குறையாது. ஆனால் அந்த வயலில் உங்கள் உரிமை பாதியாகிவிடும்.

விலை ஏறினால் லாபம் யாருக்கு?

"குரூடு ஏறினா ஓஎன்ஜிசி ஏறும்" என்பது டீக்கடையில் கேட்ட இன்னொரு வாக்கியம். பாதி உண்மை.

2022-இல் ரஷ்யா-யுக்ரேன் போரால் எண்ணெய் விலை எகிறியது. ஜூலை 1-ஆம் தேதி மத்திய அரசு உள்நாட்டுக் கச்சா எண்ணெய் மீது டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் வரி போட்டது. எதிர்பாராத லாபத்தின் மீதான வரி என்று இதைச் சொன்னார்கள். ஒரு டன் என்பது சுமார் 7.3 பீப்பாய், அன்றைய டாலர் மதிப்பு சுமார் 79 ரூபாய். கணக்குப் போட்டால் பீப்பாய்க்கு ஏறத்தாழ 40 டாலர். அன்று சந்தை விலை 110 டாலரை ஒட்டி. மேலே வந்த லாபத்தில் பெரும்பகுதியை அரசே எடுத்துக்கொண்டது. இந்த வரி பிறகு விலைக்கேற்ப ஏறி இறங்கி, 2024 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது.

எரிவாயுவிலும் கட்டுப்பாடு உண்டு. ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியாவுக்கு அரசு நேரடியாகக் கொடுத்த பழைய வயல்களின் எரிவாயு விலை, 2023 ஏப்ரலில் வந்த விதிப்படி, இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் விலையில் 10 சதவீதம். எண்ணெய் 80 டாலர் என்றால் எரிவாயு 8 டாலர் ஆக வேண்டும். ஆனால் உச்சவரம்பு 6.5 டாலர். 2025 ஏப்ரலில் அது 6.75 ஆனது. புதிய கிணறுகளுக்கும் ஆழ்கடல் எரிவாயுவுக்கும் தனி விலை, அது இதைவிட அதிகம். எனவே ஒரு நிறுவனம் விற்கும் எரிவாயுவில் எவ்வளவு பழைய வயல், எவ்வளவு புதிய வயல் என்பதைப் பார்க்காமல் லாபத்தைக் கணிக்க முடியாது.

விலை விழும்போது? அப்போது அரசு கைகொடுக்கக் கட்டாயம் எதுவும் இல்லை.

இன்னொரு பக்கம், அளவும் குறைகிறது. 2011-12-இல் இந்தியாவின் கச்சா எண்ணெய் உற்பத்தி சுமார் 3.8 கோடி டன். 2023-24-இல் சுமார் 2.9 கோடி டன். 1974-இல் கண்டுபிடித்த மும்பை ஹை போன்ற வயல்களுக்கு வயதாகிவிட்டது. நமக்குத் தேவையான கச்சா எண்ணெயில் ஏறத்தாழ 88 சதவீதம் இறக்குமதி. புதிய கண்டுபிடிப்பு நாட்டுக்கு அவசரமாகத் தேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாட்டுக்கு நல்லது என்பதாலேயே பங்குதாரருக்கும் நல்லது என்று ஆகிவிடாது.

அப்போ ரிக் செய்கிற கம்பெனி?

"எண்ணெய் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் தோண்டுறவனுக்குக் கூலி உண்டே?" பெரியப்பாவின் நண்பர் கேட்ட நல்ல கேள்வி இது.

ஹைதராபாத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. அல்ஃபாஜியோ, பூமிக்குள் அதிர்வலை அனுப்பிப் பாறையமைப்பைப் படமெடுத்துத் தரும் நிறுவனம். இது பங்குச்சந்தையில் உண்டு. 2016-இல் மத்திய அரசு தேசிய நில அதிர்வு ஆய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பெரிய ஆர்டர்கள் வந்தன, பங்கும் ஏறியது. திட்டத்தின் வேலை முடிந்ததும் வருமானம் சுருங்கியது, பங்கும் இறங்கியது. வறண்ட கிணற்றின் நஷ்டம் இவர்களுக்கு இல்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் மிகச் சிலர், அவர்கள் செலவைக் குறைத்தால் இவர்களுக்கு வேலையே இல்லை.

பிஎச்இஎல்? அதன் வருமானத்தில் பெரும்பகுதி மின் நிலையக் கருவிகளிலிருந்து. ராமச்சந்திராபுரத்தில் ரிக் செய்வதால் அதை எண்ணெய்ப் பங்கு என்று நினைத்து வாங்கினால், நீங்கள் வாங்குவது உண்மையில் மின்சாரப் பங்குதான்.

அடுத்த முறை 'பெரிய கண்டுபிடிப்பு' செய்தி வந்தால்

இந்த ஆறு கேள்வியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில்கள் நிறுவனம் பங்குச்சந்தைக்கு அனுப்பும் அறிவிப்பிலும் ஆண்டறிக்கையிலும் இருக்கும்.

1. சொல்லப்படும் எண் எது? பாறையில் மொத்தம் இருப்பதா, எடுக்கக்கூடியதா, 1பி-யா, 3பி-யா? எண்ணே இல்லையென்றால், கணக்குப் போட இன்னும் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

2. அந்தத் தொகுதியில் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு சதவீதம்? 10 சதவீதம் என்றால் தலைப்புச் செய்தியில் வந்த எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

3. இந்த ஒரு வயல் கைவிட்டால் நிறுவனத்தில் மிச்சம் என்ன இருக்கும்? நிக்கோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

4. மேம்படுத்தப் பணம் எங்கிருந்து வரும்? சொந்தக் கையிருப்பா, கடனா, புதுப் பங்கா?

5. முதல் உற்பத்தி எந்த வருடம்? அதுவரை உங்கள் பணம் உங்களுக்குத் தேவைப்படாதா?

6. விற்கும் விலையை யார் முடிவு செய்வது? சந்தையா, அரசின் உச்சவரம்பா?

இன்னொரு சின்னக் குறிப்பு. காலாண்டு முடிவுகளில் ஆய்வுக் கிணறுகளுக்கான செலவை எழுதித் தள்ளியதாக ஒரு வரி வரும். வறண்ட கிணறுகளின் விலை அது. எண்ணெய் கிடைத்தால் அமைச்சரே அறிவிப்பார். கிடைக்காத கிணறுகளைப் பற்றி அந்த ஒரு வரி மட்டும்தான் பேசும்.

(இது எந்தப் பங்கையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் ஆலோசனை அல்ல. பெரிய தொகையைப் போடும் முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரிடம் பேசுங்கள்.)

பெரியப்பா இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நடுவில் டீ ஆறிப்போய் இன்னொன்று வந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தமான்ல எவ்ளோ இருக்குன்னு கம்பெனி சொல்லிச்சா?"

"இன்னும் சொல்லலை பெரியப்பா."

"அப்போ டெபாசிட்டை ஒரு வருஷத்துக்குப் புதுப்பிச்சுடறேன். அவங்க சொல்லட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசலாம்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அவர் ஏற்கெனவே கொஞ்சம் வாங்கிவிட்டாராம். எந்தக் கம்பெனி என்று மட்டும் சொல்லவில்லை. கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ரெண்டாவது கேள்வி என்னம்மா சொன்னே, எத்தனை சதவீதம்னு எங்கே பார்க்கணும்?" என்று கேட்டு, போனில் குறித்துக்கொண்டார்.